மழை கேட்ட கைகள், மழை வந்த பிறகு

2019-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தை நம் மாவட்டத்துப் பெண்கள் எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து 11 டி.எம்.சி.க்கு மேல் நீரைத் தாங்கக் கூடியவை. அந்த மாதத்தில் அவற்றில் நூற்றில் ஒரு பங்கு தண்ணீர்கூட இல்லை. பாளம் பாளமாக வெடித்த ஏரித்தரையின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர் ரயிலில் ஏற்றப்பட்டு வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. பூண்டி, தாமரைப்பாக்கம் வட்டாரத்து விவசாயக் கிணறுகளிலிருந்து இரவும் பகலும் டேங்கர் லாரிகள் சென்னைக்கு ஓடின. லாரி போன சாலையின் ஓரத்திலேயே கிராமத்துப் பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள்.

அப்போது எல்லோரும் இறைவனை அழைத்தார்கள். கோயில்களில் யாகம் நடந்தது. தேவாலயங்களில் ஜெபம் நடந்தது. தமிழகத்தின் பல ஊர்களில் முஸ்லிம்கள் திடலுக்கு வந்து மழைத் தொழுகை தொழுதார்கள். கைகளை உயர்த்தி அழுதார்கள்.

பின்னர் மழை பெய்தது. அதற்குப் பிறகு நான்கே ஆண்டுகளில், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில், மிக்ஜாம் புயலின் மழை இதே மாவட்டத்தை மூழ்கடித்தது. தண்ணீர் இல்லையே என்று அழுத அதே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பூண்டியிலிருந்து திறந்துவிட்ட உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் சீறிப் பாய்ந்து எண்ணூரை நோக்கிப் போனது. அந்த வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெயும் கலந்து போய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன.

வறட்சியையும் வெள்ளத்தையும் இப்படி அடுத்தடுத்துப் பார்த்த மக்களுக்கு ஒரு ஹதீஸ் மிகவும் நெருக்கமானதாக இருக்க வேண்டும். நாம் பெரும்பாலும் அதன் முதல் பாதியைத்தான் கேட்டிருக்கிறோம்.

அனஸ் பின் மாலிக் (ரலி) அவர்கள் அறிவிப்பது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒரு வெள்ளிக்கிழமை. நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று குத்பா நிகழ்த்திக் கொண்டிருக்கிறார்கள். ஒரு மனிதர் உள்ளே வந்து, கால்நடைகள் அழிகின்றன, பாதைகள் அடைபட்டுவிட்டன, மழைக்காக அல்லாஹ்விடம் கேளுங்கள் என்கிறார். குத்பாவுக்கு நடுவிலேயே நபி (ஸல்) அவர்கள் கைகளை உயர்த்திக் கேட்கிறார்கள். வானத்தில் மேகத்தின் அடையாளமே இல்லை. ஸல்உ மலைக்குப் பின்னாலிருந்து கேடயம் போல ஒரு சிறு மேகம் எழுகிறது, நடுவானம் வந்ததும் பரவுகிறது, பெய்கிறது. ஒரு வாரம் சூரியனையே அவர்கள் பார்க்கவில்லை.

இது முதல் பாதி. அடுத்த வெள்ளிக்கிழமை, அதே வாசல் வழியாக ஒரு மனிதர் வருகிறார். முந்தைய வாரம் வந்தவர்தானா என்று அனஸ் (ரலி) அவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை. செல்வங்கள் அழிகின்றன, பாதைகள் அடைபட்டுவிட்டன, மழையை நிறுத்தும்படி கேளுங்கள் என்கிறார் அவர். சொற்களைக் கவனியுங்கள். வறட்சிக்குச் சொன்ன அதே புகார்தான் வெள்ளத்துக்கும்!

நபி (ஸல்) அவர்கள் மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்கள் மேல் வேண்டாம், எங்களைச் சுற்றிப் பெய்யட்டும் என்றார்கள். குன்றுகளின் மேலும், மேடுகளின் மேலும், ஓடைகளின் படுகைகளிலும், மரங்கள் முளைக்கும் இடங்களிலும் பெய்யட்டும் என்று இடம் குறித்துக் கேட்டார்கள். மழை விலகியது. மதீனாவைச் சுற்றி மேகம் வட்டமாக நிற்க, நடுவே ஊர் வெயிலில் இருந்தது. கனாத் என்ற ஓடையில் ஒரு மாதம் தண்ணீர் ஓடியது என்றும் ஓர் அறிவிப்பில் வருகிறது.

அருள் தொல்லையாக மாறிய நேரத்திலும் அருளை மறுக்காமல், அது போய்ச் சேர வேண்டிய இடத்தைக் கேட்ட துஆ இது. ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய மண்ணில் வாழும் நாம் இதைப் படித்தால் நெஞ்சு உறுத்தாமல் இருக்காது. ஓடைப் படுகையில் பெய்யட்டும் என்று கேட்பதற்கு முதலில் ஓடை இருக்க வேண்டும். ஆரணி ஆற்றிலும் கொசஸ்தலையிலும் மணலை அள்ளி, ஏரிக்கு வரும் கால்வாயை மனை போட்டு விற்று, அந்த மனையில் வீடும் கட்டிவிட்டால், மழை படுகையைத் தேடி நம் வீட்டுக்குள்தான் வரும். அது வந்த வழி, அதற்கு உரிய வழி.

இது தண்டனையா?

வெள்ளமோ வறட்சியோ நோயோ வந்ததும் எழும் கேள்வி இது. இதில் இரண்டு பக்கமும் தவறிப் போகிறவர்களைப் பார்க்கிறோம்.

ஒரு சாரார், இது வெறும் வானிலை, இதற்கும் இறைவனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். அல்அஃராஃப் அத்தியாயத்தில் (7:94, 95) முந்தைய சமூகங்களைப் பற்றி அல்லாஹ் சொல்வது இவர்களுக்கு அப்படியே பொருந்தும். அவர்கள் பணிந்து மன்றாட வேண்டும் என்பதற்காகவே வறுமையும் துன்பமும் கொடுக்கப்பட்டது. பிறகு துன்பத்தின் இடத்தில் நன்மை வைக்கப்பட்டது. அவர்கள் செழித்தார்கள். செழித்ததும், எங்கள் முன்னோர்களுக்கும் இப்படி நல்லதும் கெட்டதும் வந்ததுதானே என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். 2015-இல் வெள்ளம், 2019-இல் வறட்சி, 2023-இல் மறுபடி வெள்ளம், இதெல்லாம் வழக்கம்தான் பாய் என்று தேநீர்க் கடையில் பேசுகிறோமே, அந்தப் பேச்சுதான் இது.

இன்னொரு சாரார் எதிர்ப்பக்கம் போகிறார்கள். யார் வீட்டில் தண்ணீர் புகுந்ததோ அவரைப் பார்த்து, நீ செய்த பாவம் என்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் தவறைவிட இது கொடுமையானது. நபி அய்யூப் (அலை) அவர்கள் நோயில் படுத்தது எந்தப் பாவத்துக்காக? மனிதர்களில் கடும் சோதனைக்கு உள்ளாவோர் நபிமார்கள், பிறகு அவர்களை அடுத்தவர்கள் என்று திர்மிதியில் ஹதீஸ் இருக்கிறது. கொள்ளை நோய் பற்றிக் கேட்ட ஆயிஷா (ரலி) அவர்களிடம், அது சிலர் மீது அனுப்பப்பட்ட வேதனை, ஆனால் முஃமின்களுக்கு அதை அல்லாஹ் அருளாக ஆக்கியிருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் இருக்கிறது. ஒரே நிகழ்வு ஒருவருக்குக் கண்டிப்பு, ஒருவருக்குச் சோதனை, ஒருவருக்குப் பதவி உயர்வு. எது யாருக்கு என்று சொல்லும் அதிகாரம் நமக்குத் தரப்படவில்லை.

அப்படியானால் நம் கைகள் சம்பாதித்தவற்றால்தான் துன்பம் வருகிறது என்ற வசனத்தை (42:30) என்ன செய்வது? அதை அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று ஓதக்கூடாது. கண்ணாடி முன் நின்று ஓத வேண்டும். ஹிஜ்ரி 18 வாக்கில் அரபு மண்ணில் கடும் பஞ்சம் வந்தது. மண் சாம்பல் போலானதால் அதற்குச் சாம்பல் ஆண்டு என்றே பெயர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மக்களின் பாவங்களைப் பட்டியல் போடவில்லை. முஹம்மத் (ஸல்) அவர்களின் சமுதாயத்தை என் கையால் அழித்துவிடாதே என்று இரவுகளில் அல்லாஹ்விடம் அழுதார்கள் என வரலாற்று நூல்கள் சொல்கின்றன. மக்களுக்கு நெய்யும் இறைச்சியும் கிடைக்கும் வரை தாமும் தொடமாட்டேன் என்று எண்ணெயை மட்டும் உண்டு அவர்களின் நிறமே கறுத்தது. எகிப்தில் இருந்த அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் கடிதம் எழுதித் தானியம் வரவழைத்தார்கள். நபியவர்களின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்னிறுத்தி மழைக்காக துஆ செய்தார்கள், மழை பெய்தது. கடிதமும் துஆவும் ஒரே மனிதரிடமிருந்து போயின. துஆ கேட்டாயிற்று, இனி நிவாரணம் எதற்கு என்று அவர்கள் நினைக்கவில்லை. நிவாரணம் வருகிறதே, துஆ எதற்கு என்றும் நினைக்கவில்லை.

தொழுகைக்கு முந்தைய மூன்று நாட்கள்

மழைத் தொழுகையை நம்மில் பலர் ஒரு நாள் நிகழ்ச்சியாக நினைக்கிறோம். வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வரும், திடலில் கூடுவோம், இரண்டு ரக்அத் தொழுவோம், கலைவோம்.

தொழும் முறையில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடம் இஸ்திஸ்கா என்பது அடிப்படையில் துஆவும் பாவமன்னிப்புத் தேடலும்தான். ஜமாஅத்தாகத் தொழுவது சுன்னத் அல்ல. அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் இரண்டு ரக்அத் ஜமாஅத் தொழுகை உண்டு என்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் பெருநாள் தொழுகையைப் போல முதல் ரக்அத்தில் ஏழு, இரண்டாவதில் ஐந்து தக்பீர்களோடு தொழுது, பிறகு குத்பா. பெருநாள் குத்பாவைத் தக்பீரோடு தொடங்குகிறோம் அல்லவா, இந்தக் குத்பாவை அதற்குப் பதிலாக இஸ்திக்ஃபாரோடு தொடங்க வேண்டும். பெருநாள் உடையும் இதற்குக் கிடையாது. நபி (ஸல்) அவர்கள் எளிய உடையில், பணிவோடு, மன்றாடியவர்களாக வெளியே வந்தார்கள் என இப்னு அப்பாஸ் (ரலி) சொல்கிறார்கள். மேல் துண்டைப் புரட்டிப் போட்டுக் கொண்டார்கள் என்பது அப்துல்லாஹ் பின் ஸைத் (ரலி) அவர்களின் அறிவிப்பு. நிலைமை இப்படிப் புரளட்டும் என்ற நல்ல எதிர்பார்ப்பு அது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

நான் நிற்க விரும்பும் இடம் இது அல்ல. ஃபிக்ஹ் நூல்களில் தொழுகைக்கு முன்பு இமாம் மக்களுக்கு என்ன ஏவ வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. நாம் தாண்டிப் போகும் பகுதி அதுதான். மூன்று நாட்கள் நோன்பு நோற்கச் சொல்ல வேண்டும். தர்மம் செய்யச் சொல்ல வேண்டும். பகைத்தவர்கள் சமாதானம் ஆக வேண்டும். பிறரிடம் அநியாயமாக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் ஆன பிறகு நான்காம் நாள் வெளியே வர வேண்டும். முதியவர்களையும் குழந்தைகளையும் உடன் கொண்டுவர வேண்டும். ஆடு மாடுகளையும் ஓட்டி வரலாம் என்கிறார்கள். நம் முகத்துக்காக இல்லாவிட்டாலும் வாயில்லாத அந்த ஜீவன்களுக்காக இறைவன் இரங்க மாட்டானா என்பதுதான் கருத்து. ஜகாத்தைத் தடுத்த சமூகத்துக்கு வானத்து மழை தடுக்கப்படும், கால்நடைகள் இல்லாவிட்டால் மழையே பெய்யாது என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஹதீஸும் உண்டு.

அந்த மூன்று நாட்களை நம் ஊர்களில் உண்மையாகவே நடத்தினால் எப்படி இருக்கும்? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், தேர்வாய் கண்டிகையில், சிறிய பட்டறை நடத்துகிற ஒரு முஸ்லிம் முதலாளி முதல் நாளே கணக்குப் புத்தகத்தை எடுக்க வேண்டியிருக்கும். வியர்வை உலரும் முன் கூலி கொடுங்கள் என்ற நபிமொழி அவருக்குத் தெரியும். காண்டிராக்டில் வேலை செய்துவிட்டு ஒடிசாவுக்கோ பீகாருக்கோ போன தொழிலாளிக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், திடலுக்குப் போகும் முன் அதை அனுப்ப வேண்டும். ஜும்ஆவுக்கு நம் பக்கத்தில் தோளோடு தோள் நிற்கிறவர்களில் அப்படி ஒருவர் இருக்கலாம். மொழி தெரியாததால் அவர் நம்மிடம் சொல்லாமல் இருக்கலாம்.

தண்ணீர் விற்கிறவரும் கணக்குப் பார்க்க வேண்டும். தண்ணீர், மேய்ச்சல் புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். தேவைக்கு மேல் இருந்த தண்ணீரை வழிப்போக்கனுக்குத் தர மறுத்தவனை மறுமையில் அல்லாஹ் பார்க்கவே மாட்டான் என்பது புகாரியின் ஹதீஸ். உழைப்புக்கும் லாரி வாடகைக்கும் விலை வாங்குவதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் ஆழ்துளைக் கிணற்றை மேலும் மேலும் இறக்கி, பக்கத்து ஏழையின் கிணற்றை வற்ற வைத்து, அந்தத் தண்ணீரைப் பஞ்ச காலத்தில் பல மடங்கு விலைக்கு விற்றவர், மழை வேண்டி முதல் ஸஃப்பில் நிற்பதைப் பற்றி என்ன சொல்வது? மீஞ்சூர்ப் பக்கம் இதன் விளைவு கண்ணெதிரே இருக்கிறது. சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் பாசனத்துக்காகவும் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததில் கடல் உள்ளே வந்தது. நன்னீர்க் கிணறுகள் பல கிலோமீட்டர் தூரத்துக்கு உப்பாகிவிட்டன. அதே கடற்கரையில் காட்டுப்பள்ளியில் 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கி வாங்கிக் கொண்டிருக்கிறோம். நிலத்திலும் கடலிலும் மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டதால் கேடு தோன்றியது, அவர்கள் திரும்புவதற்காக அதில் சிறிதை அவர்களுக்குச் சுவைக்கக் கொடுக்கிறான் என்ற பொருளில் வரும் வசனத்துக்கு (30:41) இங்கே தஃப்ஸீர் தேவைப்படாது. ஒரு வாய் தண்ணீர் போதும். உப்புக் கரிக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளும் விலக்கல்ல. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் உளூச் செய்தார்கள். இன்றைய அளவில் ஏறத்தாழ முக்கால் லிட்டர். நம் பள்ளியின் குழாயைத் திறந்துவிட்டு ஒருவர் உளூச் செய்து முடிக்கும் வரை கீழே ஒரு வாளி வைத்துப் பாருங்கள். நம் பள்ளிகளின் உளூத் தண்ணீர் பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகிறது. அதைத் தென்னைக்கோ நிலத்துக்குள்ளோ திருப்பிவிடும் வேலைக்கு ஒரு கொத்தனாரும் ஒரு நாளும் போதும்.

இஸ்திக்ஃபார் என்பது அஸ்தஃக்ஃபிருல்லாஹ் என்று தஸ்பீஹ் மணியில் எண்ணுவது மட்டும் அல்ல என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். எண்ணுவதும் வேண்டும். நூஹ் (அலை) அவர்கள் தம் மக்களிடம், இறைவனிடம் மன்னிப்புக் கேளுங்கள், அவன் வானத்தைத் தொடர்ந்து பொழியச் செய்வான், செல்வமும் பிள்ளைகளும் தோட்டங்களும் ஆறுகளும் தருவான் என்று வாக்களித்தார்கள் (71:10-12). ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களிடம் ஒருவர் வறட்சி என்று வந்தார், ஒருவர் வறுமை என்று வந்தார், ஒருவர் பிள்ளை இல்லை என்று வந்தார். மூவருக்கும் அவர்கள் சொன்னது இஸ்திக்ஃபார்தான். எல்லோருக்கும் ஒரே மருந்தா என்று கேட்டபோது இந்த வசனங்களையே காட்டினார்கள். ஆனால் நிபந்தனைகளும் தெரிந்ததே. பாவத்தை விடுவது, வருந்துவது, மீண்டும் செய்யமாட்டேன் என்று உறுதி கொள்வது, அடியானின் உரிமை என்றால் திருப்பிக் கொடுப்பது. நான்காவது நிபந்தனைக்குத்தான் அந்த மூன்று நாட்கள்.

நிம்மதி வந்த பிறகு

துன்பத்தில் அழைப்பது மனித இயல்பு. அதை அல்லாஹ் குறையாகச் சொல்லவில்லை. யூனுஸ் அத்தியாயத்தில் (10:12) அவன் குறையாகச் சொல்வது வேறு. துன்பம் தொட்டால் மனிதன் படுத்தும் உட்கார்ந்தும் நின்றும் அழைக்கிறான். துன்பம் நீங்கியதும், அதற்காக அழைத்தவனே அவன் அல்ல என்பது போல நடந்து போய்விடுகிறான். 2019 கோடையில் தஹஜ்ஜுதுக்கு எழுந்த எத்தனை பேர் அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் எழுந்தோம்? அவரவர் அறிவார்.

இதைவிட அச்சமூட்டும் இடம் அல்அன்ஆமில் இருக்கிறது (6:42-44). துன்பம் வந்தபோது அவர்கள் மன்றாடியிருக்கக் கூடாதா, ஆனால் இதயம் இறுகிப் போயிற்று என்று சொல்லிவிட்டு, அடுத்து வருவது பேரழிவு என்று நாம் நினைக்கும் இடத்தில், எல்லா வாசல்களும் அவர்களுக்குத் திறக்கப்பட்டதாக அல்லாஹ் சொல்கிறான். அதில் அவர்கள் மகிழ்ந்திருந்தபோது திடீரெனப் பிடித்தான். ஏரிகள் நிரம்பின, தொழிற்சாலைகள் பெருகின, மனை விலை ஏறியது, 2020-இல் கண்ணன்கோட்டை தேர்வாய் கண்டிகையில் புதிய நீர்த்தேக்கமும் திறந்தாயிற்று. இவை நிஃமத்துகள்தான், அல்ஹம்துலில்லாஹ். நிஃமத்து கிடைத்ததே நாம் சரியாக இருக்கிறோம் என்பதற்குச் சான்று என்று மட்டும் எடுத்துக்கொள்ள இந்த வசனம் விடவில்லை.

மீன் வயிற்றில் யூனுஸ் (அலை) அவர்கள் செய்த திக்ரை நாம் எல்லோரும் சங்கடத்தில் ஓதுகிறோம். அஸ்ஸாஃப்பாத்தில் (37:143, 144) அவர்களைக் காப்பாற்றிய காரணம் சொல்லப்படும்போது, அவர்கள் துதிப்பவர்களில் ஒருவராக இருந்தது குறிப்பிடப்படுகிறது. அது மீன் வயிற்றுக்கு முந்தைய வாழ்வையும் குறிக்கும் என்று முஃபஸ்ஸிர்கள் பலர் சொல்கிறார்கள். நல்ல காலத்தில் அறிமுகமான குரல் இருளிலிருந்து வந்தது. ஃபிர்அவ்னும் தண்ணீரில் மூழ்கும்போது ஈமான் கொண்டதாகச் சொன்னான். அந்தக் குரல் அதற்கு முன் அங்கே கேட்டதே இல்லை.

வீடுகளில் இதைச் சிறியதாகத் தொடங்கலாம். துன்ப காலத்தில் நாம் எதை நேர்ந்து கொண்டோமோ, எந்தத் தொழுகையைக் கூட்டினோமோ, அதில் ஒன்றை மட்டும் நல்ல காலத்திலும் விடாமல் வைத்துக்கொள்வது. இரண்டு ரக்அத் ளுஹாவாக இருக்கலாம், வெள்ளிக்கிழமை ஒரு குடும்பத்துக்கு அரிசியாக இருக்கலாம். அதற்கான காரணத்தைப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். 2019-ஐ அறியாத பிள்ளைகள் இப்போது மத்ரஸாவுக்கு வரத் தொடங்கிவிட்டார்கள்.

மழை வரும்போது செய்ய வேண்டியதையும் அவர்களுக்குக் கற்றுக் கொடுக்கலாம். மழையைக் கண்டால் நபி (ஸல்) அவர்கள் அதைப் பயனுள்ள மழையாக ஆக்கும்படி கேட்பார்கள் என ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒருமுறை தோழர்களோடு இருந்தபோது மழை பெய்தது. நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைச் சற்று விலக்கி மழை மேனியில் படும்படி நின்றார்கள். ஏன் இப்படி என்று தோழர்கள் கேட்டார்கள். இது இப்போதுதான் தன் இறைவனிடமிருந்து புதிதாக வந்திருக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். அனஸ் (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது.